பட்டன்ல உட்கார்ந்தா கிங்-ஜாக் நல்ல கையா?

இந்த எபிசோடை கூடலூர்ல, எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குற சத்தம் மைக் கோளாறு இல்ல, தகரத்து மேல மழை.

போன வாரம் இதே மழையில கரண்ட் போச்சு, நெட்டும் போச்சு. ஆறு பேர் உட்கார்ந்து போக்கர் ஆடினோம். காசு கிடையாது. ஆளுக்கு நூறு காப்பிக் கொட்டை, அதுதான் சிப்ஸ். அதுல ஒரே கையில நான் எண்பது கொட்டை விட்டேன். அந்தக் கையைப் பத்திதான் இன்னைக்கு.

புதுசா கேக்குறவங்களுக்கு: பட்டன்னா சீட்டு போடுறவர் இடம். ஃப்ளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாப் பேசுறவர் அவர்தான். நடுகாணி ரோட்டுல பனிமூட்டத்துல ஓட்டியிருந்தா புரியும். முன்னாடி போற லாரியோட பிரேக் லைட் தெரிஞ்சா வளைவு எங்கேன்னு நமக்கும் தெரியும். பட்டன்ல கிடைக்கிற லாபம் அதுதான்: மத்தவங்க செய்றதைப் பார்த்துட்டு நாம முடிவு எடுக்கலாம்.

அதனால "பட்டன்ல எதை வேணா ஆடலாம்"னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. கிங்-ஜாக், குயின்-பத்து, ஏஸ்-ஒன்பது மாதிரி பார்க்க அழகான, ஆனா மாட்டிவிடுற கைகள்ல இந்த நம்பிக்கை ரொம்ப செலவு வைக்கும்.

கணக்குப் பார்ப்போம். உங்க கையில கிங்-ஜாக், வேற வேற ஜாதி. உங்களை அமுக்குற கைகள்: ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக், கிங்-குயின் ஒவ்வொண்ணும் 12 விதம். ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 3, ஜாக் ஜோடி 3. மொத்தம் 48. மீதி 50 சீட்டுல ஒருத்தருக்கு ரெண்டு சீட்டு வர 1,225 விதம் இருக்கு. அப்போ ஒரு ஆள் கையில இந்த 48-ல ஒண்ணு இருக்க வாய்ப்பு சுமார் 4 சதவீதம்.

பட்டன் வரைக்கும் எல்லாரும் ஃபோல்ட் பண்ணிட்டாங்கன்னா மிச்சம் ரெண்டே பேர். ஆபத்து 8 சதவீதத்துக்குள்ள. இதே கையை ஆறு பேர் டேபிள்ல முதல் ஆளாத் திறந்தா சுமார் 18, ஒன்பது பேர்னா சுமார் 27 சதவீதம். பட்டனோட அருமை இதுதான்.

இப்போ என் கைக்கு வரேன். முதல் சீட்ல எங்க பெரியம்மா பையன். தேயிலை லோடு ஓட்டுறவர். நிதானமான மனுஷன். அவர் ஆறு கொட்டைக்கு ரைஸ் பண்ணார். மத்தவங்க ஃபோல்ட். நான் பட்டன்ல, கிங்-ஜாக். "பட்டன்தானே"ன்னு கால் பண்ணிட்டேன். ஃப்ளாப்ல கிங், எட்டு, மூணு. அவர் மூணு தடவையும் பந்தயம் வெச்சார், நான் மூணு தடவையும் கூடப் போனேன். கடைசியில ஏஸ்-கிங் காட்டினார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "தம்பி, நான் ரெண்டு மணி நேரமா ஃபோல்ட் பண்ணிட்டு இருந்தேனே, நீ பாக்கலையா?"ன்னார்.

பாக்கல. அதான் விஷயம். நிதானமானவர் முதல் சீட்ல ரைஸ் பண்ணா, பத்து ஜோடியும் அதுக்கு மேலயும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின்னு வெச்சுக்கோங்க. நம்ம கையில கிங்-ஜாக் இருக்கும்போது அது மொத்தம் 76 விதம். அதுல நம்மை அமுக்குறது அதே 48. அதாவது 63 சதவீதம்! எண் மாறல, வகுக்குற எண் 1,225-ல இருந்து 76-க்கு இறங்கிடுச்சு. ஏஸ்-கிங்குக்கு எதிரா கிங்-ஜாக் ஜெயிக்கிறது நாலுல ஒரு தடவைதான். கிங் விழுந்ததும் சந்தோஷப்பட்டேன் பாருங்க, என்னை விழுத்தாட்டினதே அந்தக் கிங்தான்.

அதனால என் பழக்கம் இப்போ மூணு. ஒண்ணு, எல்லாரும் ஃபோல்ட்னா ரைஸ் பண்ணுவேன், சும்மா கால் பண்ணி உள்ளே போக மாட்டேன். பிளைண்ட் 1, 2 கொட்டைன்னா 5 வைப்பேன். 3 கொட்டைக்காக 5 வைக்கிறோம், எட்டுல அஞ்சு தடவை ரெண்டு பேரும் விட்டாலே நஷ்டமில்ல. ரெண்டு, முன் சீட்ல ரைஸ் வந்தா ஃபோல்ட். மூணு, என் ரைஸுக்கு மேல ஒருத்தர் திரும்ப ரைஸ் பண்ணாலும் ஃபோல்ட்.

சின்ன ஜோடி மட்டும் வேற கதை. ரெண்டு, மூணு, நாலு ஜோடியில ஃப்ளாப்ல மூணாவது விழுறது எட்டரைக்கு ஒரு தடவை. விழலைன்னா விட்டுடறது சுலபம். விட முடியாத கைதான் ஆபத்தான கை.

இதை ஏன் காப்பிக் கொட்டை வெச்சு சொல்றேன்? ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆப்ல இதே கையை இதே மாதிரி கால் பண்ணிட்டு இருந்தேன். ஒரே மாசத்துல 18,000 ரூபாய் போச்சு. வீட்ல "போனஸ் லேட்"னு பொய் சொன்னேன். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சொன்னப்போ, "பாத்தியா, நான் சூதாடல"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தீர்ப்பு ஆட்டத்தைப் பத்தி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆடின என் திறமையைப் பத்தி இல்ல.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டு, திறமையா அதிர்ஷ்டமான்னு பிரிக்காம, காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணிச்சு. அது சரியா தப்பான்னு தனி எபிசோட் பேசலாம். என்னைப் பொறுத்தவரை, ஆப்ல எதிர்ல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னே நான் பாக்கல. அடுத்த கை உடனே வந்துடும். இங்க சீட்டைக் கலைக்கிற நேரத்துல ஒருத்தர் முகம் தெரிஞ்சுது.

அண்ணன் அந்த எண்பது கொட்டையை வறுத்து அரைச்சு அடுத்த நாள் காப்பி போட்டுக் கொடுத்தார். நல்லா இருந்துச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே.