வெளியூர்ப் பணமும் சிற்றூர் வாக்கும்

தேர்தலில் பணம் விளையாடுகிறது என்பது உலகெங்கும் கேட்கும் பேச்சு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, அது ஒரு சிற்றூர் மக்களின் அரசியலுக்குள் எப்படி நுழைகிறது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் இன்று அமெரிக்காவின் வடமேற்கே, கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் மொண்டானா மாநிலத்துக்குப் போய் வருவோம். இந்த ஒரே சிக்கலோடு அம்மாநிலத்தார் நூறாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள்.

மொண்டானா பரப்பில் நம் மலேசியாவைவிடப் பெரியது. ஏறத்தாழ 380,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையோ 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்து இலட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம். கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, மலை, காடு, சுரங்கம் இவைதாம் அங்கே கண்ணில் படுபவை. சட்டமன்றத்தின் கீழவைக்கு 100 உறுப்பினர்கள். அப்படியானால் ஒரு தொகுதிக்குச் சுமார் 10,800 பேர்தாம் வருகிறார்கள்; நம் பட்டணத்துத் தாமான்கள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவ்வளவு தலைகள் தேறிவிடும். சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதிகம் போனால் 90 நாள் கூடும். மற்ற நாள்களில் உறுப்பினர்கள் பயிர் செய்வார்கள், கடை வைத்திருப்பார்கள், பள்ளியில் பாடம் நடத்துவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெருநகரத் தேர்தலில் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும் தொகை, இத்தகைய தொகுதியில் வெற்றி தோல்வியையே நிர்ணயித்துவிடும்.

கதை செம்பில் தொடங்குகிறது. மொண்டானா 1889-ஆம் ஆண்டில் மாநிலமானது. மின்விளக்கும் தந்தியும் தொலைபேசியும் பரவிய காலம் அது. கம்பிக்குச் செம்பு வேண்டும். பியூட் என்னும் நகரத்துக் குன்றுக்கு அடியில் அது மலைமலையாய்க் கிடந்தது. மார்கஸ் டேலி, வில்லியம் கிளார்க் என்னும் இருவர் அதை வைத்துச் செல்வர்களாகிப் பின்னர் ஒருவர்க்கொருவர் பகைவர்களும் ஆனார்கள். அக்காலத்தில் அமெரிக்கச் செனட் சபை உறுப்பினரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். ஆகவே செனட்டராக விரும்பியவருக்கு ஊர் ஊராகச் சுற்றி வாக்குக் கேட்கும் தேவை இல்லை. சில பத்து உறுப்பினர்களை வசப்படுத்தினால் போதும்.

1899-ஆம் ஆண்டில் கிளார்க் அப்படித்தான் செய்தார். ஃபிரெட் வைட்சைட் என்னும் மேலவை உறுப்பினர் 30,000 வெள்ளியைச் சபைக்கு எடுத்து வந்து, இது கிளார்க்குக்கு வாக்களிக்கக் கொடுக்கப்பட்ட பணம் என்று எல்லார் முன்னிலையிலும் காட்டினார். அப்படியும் கிளார்க்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். வாஷிங்டனில் செனட் சபைக் குழு விசாரித்து, இத்தேர்தல் செல்லாது என்று முடிவு கூறவே, 1900-ஆம் ஆண்டில் அவர் பதவி விலகினார். மறு ஆண்டே அதே மாநிலச் சட்டமன்றம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பியது! ஆறாண்டுக் காலம் அவர் செனட்டராக இருந்தார்.

கிளார்க்கின் பணம் உள்ளூரிலேயே தோண்டிய பணம். அடுத்து வந்தது வெளியூர்ப் பணம். 1899-ஆம் ஆண்டிலேயே, ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி ரோஜர்ஸ், வில்லியம் ராக்ஃபெல்லர் முதலியோர் நியூயார்க்கில் கூடி அமல்கமேட்டட் காப்பர் என்ற பெரிய நிறுவனத்தை அமைத்து, டேலியின் அனகோண்டா சுரங்கங்களை வாங்கினார்கள். 1903-ஆம் ஆண்டு அக்டோபரில் பியூட் நகர நீதிபதி ஒருவர் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். நியூயார்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாநிலம் முழுவதும் தங்கள் சுரங்கம், உருக்காலை, மரம் வெட்டும் முகாம் அத்தனையையும் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். குளிர்காலம் நெருங்கும் வேளையில் பல்லாயிரம் தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். ஆளுநர் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும், வழக்காடுவோர் வேறு நீதிபதியைக் கேட்க இடந்தரும் சட்டத்தை நிறைவேற்ற வேண்டும், இதுவே நிபந்தனை. ஆளுநர் ஜோசப் டூல் வேறு வழியின்றிக் கூட்டத்தைக் கூட்டினார். டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் தன்னளவில் தவறானது என்று சொல்வதற்கில்லை. எனினும், அது எங்கே முடிவு செய்யப்பட்டது என்பதை மொண்டானா மக்கள் மறக்கவில்லை.

அனகோண்டா நிறுவனத்தை அம்மக்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, "கம்பெனி" என்பார்கள். நேயர்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. லண்டனில் பதிவு செய்த நிறுவனம் ஒன்று இங்கே பால்மரத்தையும் லயத்தையும் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் தன் கையில் வைத்திருந்த காலத்தில், நம் பெரியவர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இவ்வரலாற்றில் நின்று கவனிக்கும் இடம் ஒன்று உண்டு. சுரங்கங்களின் நிகர வருமானத்துக்கு மட்டுமே வரி என்று மொண்டானாவின் பழைய அரசமைப்பு விதித்திருந்தது. கணக்கை எழுதுபவர்கள் கம்பெனியார். நிகரம் எவ்வளவு சுருங்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சுமை விவசாயிகள் தலையில் விழுந்தது. மொண்டானா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த லூயிஸ் லெவின் என்னும் பேராசிரியர் இதை ஆராய்ந்து, 1919-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரைப் பல்கலைக்கழக வேந்தர் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்தார். லெவின் மேடை ஏறவில்லை, கட்சி கட்டவில்லை. கூட்டிக் கழித்துக் காட்டினார், அவ்வளவுதான். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் சில மாதங்களில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மற்ற ஆசிரியர்கள் அந்தச் சில மாதங்களில் என்ன பாடம் கற்றிருப்பார்கள்?

அந்நூலில் கண்ட நியாயத்தை ஜோசப் டிக்சன் என்ற ஆளுநர் கையிலெடுத்தார். 1924-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு விந்தை நிகழ்ந்தது. சுரங்கங்களின் மொத்த வருமானத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை மக்கள் நேரடி வாக்கினால் நிறைவேற்றினார்கள்; அதே நாளில், அதற்காகப் பாடுபட்ட டிக்சனைத் தோற்கடித்தார்கள். மாநிலத்தின் பெரிய செய்தித்தாள்களில் பெரும்பாலானவை கம்பெனியின் பிடியில் இருந்தன. அவை நாள்தோறும் டிக்சனைத் தாக்கின. பியூட், மிசூலா, ஹெலினா, பில்லிங்ஸ் நகரங்களின் செய்தித்தாள்களைக் கம்பெனி 1959-ஆம் ஆண்டில்தான் விற்றது. வாக்குக்குக் காசு கொடுப்பது ஒரு நாள் வேலை. மக்கள் எதை அறியலாம், எதை அறியக்கூடாது என்று தீர்மானிப்பது அன்றாட வேலை; இதுவே கொடியது என்பது எங்கள் எண்ணம்.

இவற்றுக்கிடையே மக்கள் தாங்களே முன்மொழிந்து 1912-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ நிறுவனங்கள் பணம் செலவிடக்கூடாது என்றது அது. கம்பெனியின் செல்வாக்கை அது ஒழித்துவிடவில்லை. செய்தித்தாள்களின் கதையே அதற்குச் சான்று. ஆயினும் அச்சட்டம் ஒரு நூற்றாண்டு நின்றது.

2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் தேர்தலில் தாமாகச் செலவிடுவது பேச்சுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நிறுவனமோ சங்கமோ எதுவாயினும், தன் கருத்தைச் சொல்லும் உரிமையை அரசு தடுக்கக்கூடாது என்பது அந்நீதிபதிகளின் வாதம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. தன் மாநில வரலாறு வேறு என்று மொண்டானா உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு இறுதியில் 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காத்து நின்றது. 2012 ஜூனில் வாஷிங்டன் நீதிமன்றம் அதை 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது.

வழக்குத் தொடுத்தது அமெரிக்கன் டிரடிஷன் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு. பணம் தருகிறவர் பெயர் எவருக்கும் தெரியவராது என்பதே அது நன்கொடையாளருக்குக் கொடுத்த உறுதி. அக்காலத்தில் ஒரு தனி மனிதர் சட்டமன்ற வேட்பாளருக்கு 200 வெள்ளிகூடக் கொடுக்க முடியாது. வரம்பு அதற்கும் கீழே. வெளி அமைப்புகளோ, கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலுக்குச் சில நாள்களே இருக்கும்போது வீடு வீடாகத் துண்டறிக்கைகளை அஞ்சலில் அனுப்பின. இன்ன வேட்பாளர் இப்படிப்பட்டவர் என்று அதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கும். மறுப்பதற்கு அவருக்கு நாளும் இல்லை, காசும் இல்லை. அனுப்பியவர் முகவரியைத் தேடினால் ஓர் அஞ்சல் பெட்டி எண் கிடைக்கும்.

பின்னர் கொலராடோ மாநிலத்து வீடொன்றில் கிடைத்த சில ஆவணப் பெட்டிகள் மொண்டானாவின் தேர்தல் நடைமுறை ஆணையர் கைக்கு வந்தன. அவற்றில் வேட்பாளர்களின் கையெழுத்து மாதிரிகளும், வேட்பாளரின் மனைவியே எழுதியதுபோல் அமைந்த கடிதங்களும் இருந்தன. ஊரார் தம் அண்டை வீட்டுக்காரர் எழுதினார் என்று எண்ணிப் படித்த கடிதம், எங்கோ இருந்தவர்கள் தயாரித்தது!

2012 நவம்பரில், நிறுவனங்கள் மனிதர்கள் அல்ல என்று அறிவிக்கும் தீர்மானத்துக்கு மொண்டானா வாக்காளரில் நான்கில் மூன்று பங்கினர் கைகொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அது மாற்றாது. அது அவர்களுக்கும் தெரியும். செலவைத் தடுக்க முடியாவிட்டால் செலவிடுகிறவர் பெயரையாவது அறிவோம் என்று 2015-ஆம் ஆண்டில் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதைச் சபையில் முன்வைத்தவர் கோல்ஸ்ட்ரிப் என்னும் நிலக்கரி ஊரைச் சேர்ந்த, முன்பு சுரங்கத்தில் பணியாற்றிய டுவேன் ஆங்கினி. அவர் குடியரசுக் கட்சியார். கையெழுத்திட்ட ஆளுநர் ஸ்டீவ் புல்லக் ஜனநாயகக் கட்சியார். கட்சி வேறானாலும் அஞ்சலில் வந்த தாள் எல்லார் வீட்டுக்கும் வந்ததுதானே!

மறு ஆண்டு ஏப்ரலில் ஹெலினா நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. 2010-ஆம் ஆண்டு முதற்கட்டத் தேர்தலில் வெளி அமைப்புகளின் உதவியைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பெற்றார் என்று, ஆர்ட் விட்டிச் என்ற சட்டமன்ற உறுப்பினருக்கு எதிராக ஜூரிகள் முடிவு கூறினார்கள். ஜூரிகள் என்போர் ஊரிலிருந்து அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள். ஜூன் மாதம் அவர் தம் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலும் தோற்றார்.