கயிறு கட்டிய பிள்ளைக்கு விதி, கட்டிவிட்டவருக்கு?

(தூத்துக்குடியில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



பள்ளியின் ஒழுங்கு விதிகளை நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். நேரத்துக்கு வா. சீருடையில் வா. முடியை ஒட்ட வெட்டு. செல்போன் கொண்டுவராதே. பரீட்சையைத் தவறவிடாதே.

2025 மார்ச் 10 காலை, நம் மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவன் இந்த விதிகளின்படிதான் நடந்துகொண்டிருந்தான். பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். பேருந்தை மறித்து அவனை வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பிடிபட்டவர்களும் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள்.

அதற்கு முன்பு நாங்குநேரி. கூடப் படித்தவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அடுத்த மே மாதம் அந்தத் தம்பி 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். நாடே பாராட்டியது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவன் 200 எடுத்திருந்தால்? வெட்டுப்படாமல் படிக்கும் உரிமைக்கு மதிப்பெண் தகுதி கிடையாது. நம் வீட்டுப் பிள்ளை முதல் மார்க் எடுத்துத்தான் தன்னை மனிதன் என்று நிரூபிக்க வேண்டும் என்பதும் சாதி போட்ட விதியே.

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு எல்லோரும் பேசியது மணிக்கட்டுக் கயிற்றைப் பற்றி. கயிற்றின் நிறத்தை வைத்து ‘நம்ம பையன்’, ‘அவனுக பையன்’ என்று பிரிக்கும் பழக்கத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2019-இல் பள்ளிக் கல்வித்துறை கயிற்றுக்குத் தடை போட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது என்ற பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு சிலர் கூச்சலிட்டார்கள். பெரியவர்களைக் கட்டுப்படுத்தும் பரிந்துரைகளைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கம் செலுத்துகிறதோ, அதே சாதிக்காரரை அங்கே கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ போடக்கூடாது. ஆசிரியர்களுக்கு நடத்தை விதி வேண்டும். பள்ளிப் பெயரில் சாதி கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது. அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்து அறிவிக்கக்கூடாது.

கடைசியாகச் சொன்னதன் அருமை எனக்குத் தெரியும். நான் உப்பளத் தொழிலாளியின் மகள். நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு” என்றார் ஆசிரியர். நான்கு பேர் எழுந்து நின்றோம். மறுநாள் பக்கத்தில் இருந்தவள் பெஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள். அதுவரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். அவள் கையில் கயிறு ஏதும் இல்லை. என் சாதியை அவளுக்குச் சொன்னது பள்ளிக்கூடம்தான்.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் படித்தபோது தனிச் சாக்குத் துணியில் உட்கார்ந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்தார். அந்தப் பள்ளியின் ஒழுங்கே அதுதான்! ஒழுங்கு என்ற பெயரில் வருவதெல்லாம் நீதி ஆகாது. யாருக்காக, யார் போட்ட விதி என்று கேட்டுத்தான் ஏற்க வேண்டும்.

இது முத்துக்குளித்த கரை. கடலுக்குள் இறங்கியவரின் கயிறு தோணியில் இருந்தவர் கையில் இருந்தது. கீழே இருப்பவர் உயிருக்கு மேலே இருப்பவர் பொறுப்பு. பள்ளியிலும் அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது. பதினாறு வயதுப் பையன் கையில் அரிவாள் வருவதற்கு முன்னால் அவன் மனதில் சாதியை ஏற்றியவர் அப்பா, சித்தப்பா, சாதிச்சங்கத் தலைவர், சில இடங்களில் வாத்தியாரும்தான். பிள்ளையின் கயிற்றை மட்டும் அறுத்துவிட்டு இவர்களை விட்டுவிட்டால், நாளை வேறொரு கயிறு வரும்.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, மாணவனுக்கு விதி எழுதும் அதே பலகையில் உங்களுக்கான விதியையும் எழுதுங்கள். புகார் சொன்ன பிள்ளையை அன்று மாலை தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். காவலுக்கு ஏற்பாடு செய்த பிறகே எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு விசாரியுங்கள். சந்துரு குழுவின் பரிந்துரைகளைச் சட்டமாக்கக் கேட்பது நம் எல்லோரின் வேலை.

தம்பி தங்கைகளே, நீங்கள் நேரத்துக்குப் போங்கள். நன்றாகப் படியுங்கள். வகுப்பில் யாரையாவது சாதி சொல்லி எழுப்பினால், மொத்த வகுப்பும் சேர்ந்து எழுந்து நில்லுங்கள்.

ஜெய்பீம்.