இளைப்பு மருந்தும் பிள்ளைகளின் குணமும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"இன்ஜினியருக்கு மருந்தைப் பத்தி என்னப்பா பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் அல்ல. எந்த மருந்தைக் கொடு, எதை நிறுத்து என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எந்த இயந்திரம் வாங்கினாலும் அதன் குறிப்புப் புத்தகத்தில் 'எச்சரிக்கை' என்ற பக்கத்தை முதலில் படிப்பது எங்கள் தொழில் பழக்கம். பிள்ளைகளின் மருந்துக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

இளைப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. கீழே போடியில் இலவம் பஞ்சுத் தூசி, விறகுப் புகை. மேலே போடிமெட்டு தாண்டினால் பனி, ஈரம், சுவரெல்லாம் பூஞ்சை. ஏற்கெனவே நெஞ்சு இளகிய பிள்ளைக்கு மூச்சு இழுக்க இவை போதும். மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு சிரப் பாட்டில் இருக்கும்.

என் அக்கா மகனுக்கு ஐந்து வயது. இரவில் மூச்சு இழுக்கிறது என்று ஒரு மருத்துவர் தினமும் போடச் சொல்லி மான்டிலுகாஸ்ட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இளைப்பு குறைந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் பையன் வேறு பிள்ளை ஆகிவிட்டான். நடு இரவில் எழுந்து, "சுவத்துல யாரோ நிக்கிறாங்க" என்று அலறுவான். பள்ளியில் பக்கத்துப் பையனைக் கடித்து வைத்தான். வீட்டுப் பெரியவர்கள், "தோட்டத்துக்குப் போனப்ப எதையோ பாத்துப் பயந்திருக்கான், மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார்கள். கயிறும் கட்டினார்கள். பள்ளியில் 'அடங்காதவன்' என்று பெயர், முதுகில் அடி. மாத்திரையை யாரும் சந்தேகிக்கவில்லை. கடைசியில் வேறொரு மருத்துவர், "இப்ப என்ன மருந்தும்மா போகுது?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தி இன்ஹேலருக்கு மாற்றினார். பத்துப் பதினைந்து நாளில் பையன் பழையபடி ஆனான்.

ஒரு பிள்ளையின் கதை சான்றாகாது. ஆகவே தேடிப் படித்தேன். மான்டிலுகாஸ்ட் அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்ற மருந்து. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் அதன் குறிப்புத் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது. அங்கே அதைவிடக் கடுமையான எச்சரிக்கை கிடையாது. எரிச்சல், மூர்க்கம், கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, இல்லாததைப் பார்ப்பது, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியாகிறது. சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடர்ந்திருக்கிறது. சாதாரண ஒவ்வாமைச் சளிக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோதுதான் இதைத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். பிரிட்டனும் 2024-ல் தன் எச்சரிக்கையை அழுத்தமாக்கியது. நம் நாட்டிலோ லீவோசெட்ரிசினோடு சேர்ந்து சளிக்கான மாத்திரையாக, சிரப்பாக இது தாராளமாகப் புழங்குகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நிர்வாகம் நடத்திய பெரிய ஆய்வில், முகரும் ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மனச்சோர்வு இதனால் கூடியதாகத் தெரியவில்லை. இதைச் சாப்பிடும் பிள்ளைகளில் மிகப் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆகிற பிள்ளை உங்கள் பிள்ளையாக இருந்தால், அதைக் கண்டுகொள்ள உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மற்ற மருந்துகளும் அப்படியே. சால்பியூட்டமால் கொடுத்தால் சில பிள்ளைகளுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஒரு இடத்தில் உட்கார மாட்டார்கள். தியோஃபிலினை 1888-ல் தேயிலையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். காப்பியில் இருக்கும் கஃபீனுக்கு அது பங்காளி. அளவு கொஞ்சம் கூடினாலும் தூக்கம் போகும், வாந்தி வரும், வலிப்புகூட வரலாம். காய்ச்சல் நேரத்தில் அது உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுவதால் ஆபத்து அதிகம். பிரெட்னிசொலோன் பசியையும் கோபத்தையும் கூட்டும், தூக்கத்தைக் குறைக்கும்.

இங்கேதான் எங்கள் கணக்கு உதவுகிறது. சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம் மருந்து. இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். இரண்டு அழுத்தலுக்கு 200. பத்தில் ஒரு பங்கு மருந்து, போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. சிரப்போ உடம்பு முழுவதும் சுற்றித்தான் நெஞ்சுக்கு வருகிறது. ஆனால் நம் பக்கம், "இன்ஹேலர் வச்சா பழகிப்போயிரும், சீக்கு முத்திருச்சுன்னு சொல்வாங்க" என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தால் பிள்ளை பத்து மடங்கு மருந்தைக் குடிக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற குடுவை வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, இடைவெளியை அடைத்து, கடையில் விற்கும் ஸ்பேசரோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாக 1999-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

கடைசியாக நான் கேட்டுக்கொள்வது நான்கு. ஒன்று, புது மருந்து தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குணம் மாறினால் அந்தத் தேதியைப் பாருங்கள். இரண்டு, நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். கட்டுப்படாத இளைப்பு உயிரையே எடுக்கும், ராத்திரி மூச்சுக்குத் திணறும் பிள்ளையும் பகலில் சிடுசிடுக்கத்தான் செய்யும். மூன்று, போன வருஷச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்காதீர்கள். நான்கு, மருந்தால் வந்த கோளாறு என்று சந்தேகித்தால் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. அதைப் பொதுமக்களும் கூப்பிடலாம்.

இந்த அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை திடீரென்று அடங்காமல் போனால், பிரம்பை எடுக்கும் முன் அதன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பிள்ளைக்கு இப்ப ஏதாவது மருந்து கொடுக்கிறீங்களாம்மா?"