வீசையும் கிலோவும்

(வட்டார அளவிலான கணித ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் அளவைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மெட்ரிக் முறைக்கு முழுமையாக மாறாத நாடுகள் என்று அமெரிக்கா, லைபீரியா, மியான்மர் ஆகிய மூன்றையும் வழக்கமாகக் குறிப்பிடுவார்கள் என்றேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "மியான்மர் நம்ம பக்கத்து நாடுதானே சார்? மாறச் சொல்லி நாம சொல்லலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது? நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்றிரவு தேடிப் படித்தேன்.

மறுநாள் கரும்பலகையில் 'வீசை' என்று எழுதினேன். மியான்மர் சந்தைகளில் இன்றும் புழங்கும் எடையை ஆங்கிலத்தில் 'விஸ்' என்பார்கள். அது நம் வீசை என்ற சொல்லிலிருந்து போனதுதான். சொல் ஒன்றானாலும் எடை ஒன்றல்ல. சென்னை மாகாணத்தின் பழைய வீசை ஏறத்தாழ 1.4 கிலோ; மியான்மர் வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. பத்து வீசை வாங்கினால் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைகள் கணக்குப் போட்டு, "இரண்டு கிலோவுக்கு மேல சார்!" என்றார்கள். பொது அளவை ஏன் வேண்டும் என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அண்டை நாட்டுக்கு நாம் அறிவுரை சொல்வதைவிட அனுபவத்தைச் சொல்லலாம். நம் நாட்டில் 1956-இல் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து, மக்கள் கை நூறில் எண்ணப் பழகியது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் அறிமுகமாயின. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை, படிப்படியாகவே மாறினோம். மியான்மருக்கோ பாதி வேலை முடிந்தே இருக்கிறது. அங்கே ஒரு கியாட்டுக்கு நூறு பியா. ஒரு வீசைக்கும் நூறு சிறு பங்குகள். மெட்ரிக் முறைக்கு மாறத் தயாராவதாக அந்நாட்டு வணிக அமைச்சகம் 2013-இல் அறிவித்தும் இருக்கிறது.

இதைச் சொல்லி முடித்ததும் அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "சார், எங்க வீட்டுல நிலத்தை சென்ட்டுலயும் நகையைப் பவுனுலயும்தானே சொல்றாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என் உயரத்தை நானே அடியில்தான் சொல்கிறேன்! சட்டம் வந்து அறுபது ஆண்டுகள் கடந்தும் நம் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தராசுக் கல்லைச் சட்டத்தால் மாற்றலாம். நாக்கின் பழக்கத்தை மாற்றப் பள்ளிக்கூடம் வேண்டும்.

அன்று கொடுத்த வீட்டுப்பாடத்தை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர், ஒரு பவுன் 8 கிராம். இவற்றைக் கொண்டு வீட்டில் பேசப்படும் அளவுகளை மாணவர்கள் மாற்றி எழுதட்டும். தாத்தா பாட்டியிடம் படி, வீசை பற்றிக் கேட்டு வரட்டும். பழையதைக் கேலி செய்யாமல் புதியதைப் பழகட்டும். பக்கத்து நாட்டுக்கு நாம் தரக்கூடிய சிறந்த ஊக்கம், நாமே முழுமையாக மாறிக் காட்டுவதுதான்.