ஓலைப் பெட்டியும் மொய் நோட்டும்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா மலரில் வெளியிடத் தக்கதாக ஏதேனும் ஞானகாரியம் பேசும்படி மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் பேசப்போவதோ ஓலைப் பெட்டியைப் பற்றி. இது ஞானகாரியமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள்.

பொன்விழாவுக்கு வரும் விருந்தினருக்கும், இந்த 50 ஆண்டுகளில் இங்கே பணிபுரிந்து சென்ற குருக்கள், கன்னியர், உபதேசிமார் ஆகியோருக்கும் என்ன நினைவுப் பொருள் கொடுப்பது என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தது. கோவில் படம் பதித்த சுவர்க்கடிகாரம் கொடுக்கலாம் என்றார் ஒருவர். எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டிக் கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் விலை கேட்டு வந்திருந்தார்கள். அப்போது இச்சங்கத்தின் மூத்த தாயார் ஒருவர் (பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் உத்தரவு) மெதுவாக எழுந்து, "சாமி, கடிகாரம் இல்லாத வீடு எங்க இருக்கு? நாங்க ஆளுக்கு ரெண்டு பெட்டி முடைஞ்சு தாறோமே" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தத் தாயாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்ததுதான் அன்று முழுவதும் நம் மனத்தை உறுத்தியது. இவ்வுரை அதன்பொருட்டே.

நம் ஊர்களில் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு நோட்டு உண்டு. கல்யாணமானாலும், புதுநன்மையானாலும், புதுவீடு மந்திரிப்பானாலும், பந்தல் வாயிலில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு நோட்டு. பக்கத்தில் கணக்கெழுதத் தெரிந்த ஒரு மாமா. பெயர், ஊர், தொகை. சில இடங்களில் ஒலிபெருக்கியிலும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. கையில் காசில்லாத குடும்பம் தன் மகளைக் கரையேற்ற ஊரார் சேர்ந்து கைகொடுக்கும் ஏற்பாடு அது. எத்தனையோ ஏழைத் தகப்பன்மாரின் மானத்தை அது காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் கடன் கடன்தான். 500 எழுதியவருக்கு 500-க்குக் குறையாமல் திருப்பி எழுதவேண்டும், எழுதாவிட்டால் மனத்தாங்கல். இரு குடும்பங்கள் ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாமலிருப்பதன் காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், சில வேளை பழைய மொய் நோட்டில் போய் முடிகிறது. பயப்படாதீர்கள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைச் சொல்லவில்லை. திண்ணைகளில் கேட்டதைத்தான் சொல்லுகிறோம்.

இப்போது அந்த மேசைக்கு ஒரு பாட்டியம்மாள் வருகிறாள். தான் முடைந்த மூடிப்பெட்டியில் நாலு கருப்பட்டியை வைத்து நீட்டுகிறாள். கணக்கெழுதும் மாமா என்ன எழுதுவார்? கருப்பட்டிக்கு விலை போடலாம். பெட்டிக்கு? அதை முடைந்த இரண்டு சாயங்காலங்களுக்கு? அவர் பேனா அங்கே நின்றுபோகும். நின்றுபோகட்டும். திருப்பித் தரவே முடியாத ஒன்று கைமாறிவிட்டது. அதை நோட்டில் ஏற்ற வழியில்லை.

பெட்டி எப்படி உருவாகிறது என்பதை நம் இளம்பெண்களில் பலர் பார்த்ததே இல்லை. ஆகையால் சற்று விரித்தே சொல்லுகிறோம். பனையேறுகிறவர் உச்சிக்குப் போய் விரியாத குருத்தை வெட்டி இறக்குகிறார். முற்றிய ஓலையைச் சாரோலை என்பார்கள். அது கூரைக்கும் வேலிக்கும் கடகத்துக்கும் ஆகும். நேர்த்தியான பெட்டிக்குக் குருத்தோலைதான் வேண்டும். பனையின் உயிர் அதன் குருத்தில் இருப்பதால், ஒரே மரத்தில் அடிக்கடி கைவைப்பதில்லை. இறக்கிய குருத்தை விரித்து வெயிலில் போட்டால் பச்சை மாறித் தந்தம்போல் வெளுக்கிறது. பிறகு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழிக்கவேண்டும். முடையுமுன் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். அதிகம் நனைந்த ஓலை பூசணம் பிடிக்கும். அந்தப் பதத்தை விரல்தான் சொல்லவேண்டும். சாயம் வேண்டுமானால், கொதிக்கும் சாயநீரில் ஓலையை முக்கியெடுத்து உலர்த்துவார்கள்.

முடைதல் அடியிலிருந்து தொடங்குகிறது. குறுக்கும் நெடுக்குமாக, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஓலைகள் கோத்துப் பாய்போலப் பரவிக் கிடக்கும். அடி போதுமான அளவுக்கு வந்ததும் நான்கு மூலைகளையும் மடக்கி நிமிர்த்துகிறார்கள். அதுவரை தட்டையாய்க் கிடந்தது எழும்பிப் பெட்டியாகும் இடம் அதுவே. புதிதாய்ப் பழகும் பிள்ளைகள் அழாத குறையாக விட்டுவிட்டு ஓடும் இடமும் அதுவே. மூடியைப் பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக முடையவேண்டும். இறுகினால் திறவாது, தளர்ந்தால் நில்லாது. கடைசியாக, மட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைக் கட்டி முடிக்கிறார்கள். இவ்வளவுக்கும் ஆயுதம் என்று பார்த்தால் ஒரு சிறு கத்தி. இரு கைகளுக்கும் வேலை இருப்பதால் ஜெபமாலை மணியை உருட்ட முடியாது. ஆனால் பத்து வரிசை முடைந்தால் ஒரு பரலோக மந்திரம் என்று கணக்கு வைத்திருக்கும் தாயார் ஒருவர் நம் பங்கில் உண்டு. அவருடைய பெட்டிகள் கோணுவதில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். யோப்பா பட்டினத்தில் தபித்தா என்று ஒரு சீடத்தி. கிரேக்க மொழியில் தொற்கா. பெண்மான் என்று பொருள். நோயுற்று இறந்துபோனாள். பக்கத்து லித்தாவிலிருந்த புனித இராயப்பரை ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். அவர் மாடியறைக்குள் நுழைந்ததும் விதவைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அழுதுகொண்டே என்ன செய்தார்கள்? அவள் உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டினார்கள். அந்த அம்மாளின் வாய்மொழி ஒன்றைக்கூடத் திருநூல் நமக்குக் கொடுக்கவில்லை. அவள் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தாள் என்ற கணக்கும் இல்லை. தைத்த துணிகள் மட்டும் சாட்சியாக நிற்கின்றன. இராயப்பர் முழங்காலிட்டு ஜெபித்து அவளை உயிர்ப்பித்தார் என்பது நீங்கள் அறிந்ததே.

ஆண்டவருடைய அங்கியும் அப்படிப்பட்டதே. மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்டிருந்தது என்கிறார் அருளப்பர். அதைத் தேவமாதாவே நெய்தார் என்பது பக்தர்களின் பாரம்பரியம். நற்செய்தி அதைச் சொல்லவில்லை. ஆனால் அவரைச் சிலுவையில் அறைந்த சேவகர்களே அதைக் கிழிக்காமல் சீட்டுப் போட்டார்கள் என்பது நற்செய்தியில் உள்ளது.

நம் கடற்கரைக்கு 1542-ஆம் ஆண்டு வந்த புனித சவேரியாரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பின்னர் 1546-இல் அவர் தொலைதூரத்து அம்போயினாத் தீவில் இருந்தார். அங்கிருந்து ஐரோப்பாவிலிருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதுகையில், அவர்களுடைய கடிதங்களிலிருந்து அவர்கள் தங்கள் கைப்பட இட்ட பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகத் தெரிவித்தார். பொன்னும் மணியும் விரும்பாத அந்தத் தபோதனருக்கு, நண்பனின் கைபட்ட காகிதத் துண்டு வேண்டியிருந்தது. அவரைக் காட்டிலும் நாம் துறவிகளா?

நமக்கும் அப்படி ஒரு பொருள் உண்டு. நமது குருப்பட்டத்தன்று நிறைய அன்பளிப்புகள் வந்தன. கைக்கடிகாரம், பேனா, சட்டைத் துணி என்று பட்டியல் நீளம். அவற்றில் எது யார் கொடுத்தது என்று இன்று கேட்டால் விழிப்போம். எங்கள் தெருவில் இட்டிலி விற்றுப் பிழைத்த ஓர் அம்மாள், திருக்கிண்ணம் துடைக்கும் சிறு துணியொன்றைத் தைத்து, நடுவே சிவப்பு நூலால் சிலுவை பின்னிக் கொடுத்தார். சிலுவையின் ஒரு கை மற்றதைவிடச் சற்று நீளம். விடியற்காலை அடுப்பு மூட்டுமுன் விளக்கடியில் இருந்து தைத்ததாகப் பின்னர் அவர் மகள் சொன்னாள். "அந்த நாலு நாளும் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே இட்டிலி ஊற்றினாள்" என்றும் சொன்னாள். அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். துணி நம் கைக்கு வருவதற்கு முன்பே சந்தோஷம் அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் வாங்குகிறவர் ஐந்து நிமிடம் நம்மை நினைத்திருப்பார். அந்த அம்மாள் நாலு விடியற்காலை நினைத்தார். அவர் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெருவிழாப் பூசைகளில் நாம் அந்தத் துணியையே பயன்படுத்துகிறோம். கோயிற்பிள்ளை அதைத் தனியாகத் துவைத்து வைக்கிறார்.

பெரிய இடத்து உதாரணம் கேட்பவர்களுக்கு ஒன்று. 1947-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம் நடந்தபோது உலகமெங்குமிருந்து நகைகளும் வெள்ளிச் சாமான்களும் குவிந்தன. காந்தியடிகள் அனுப்பியது தாம் இராட்டையில் நூற்ற நூலால் பின்னிய ஒரு துணி. அரசியான பிறகும் அவர் அதைப் பேணி வைத்திருந்து, 2018-இல் இலண்டனுக்குச் சென்ற நம் பிரதமருக்கு எடுத்துக் காட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் ஏமாந்துவிடக்கூடாது. அன்புக்காக முடைவது வேறு, வயிற்றுக்காக முடைவது வேறு. மணப்பாட்டில் குன்றின்மேல் இருக்கும் திருச்சிலுவைக் கோவிலுக்குப் போய் வந்தவர்கள், அவ்வூர்ப் பெண்கள் ஓலையில் முடைந்து விற்கும் பொருட்களைப் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டுக் கொட்டான் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து, மிட்டாய்க்கும் பலகாரத்துக்கும் ஓலைப்பெட்டி கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வெயிலில் உட்கார்ந்து பெட்டி விற்கும் கிழவியிடம் பத்து ரூபாய்க்காகக் கால் மணிநேரம் பேரம் பேசிவிட்டு, துணிக்கடையில் அட்டையில் எழுதிய விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள். கைத்தொழிலின் அழகைப் பற்றிப் பேச அவர்களுக்கு வாயில்லை. முடைபவளுக்குக் கூலி சரியாகக் கிடைக்காத இடத்தில் நாம் சந்தோஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவும் மாட்டோம்.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் பாலன் பிறப்பை நினைவுகூர ஏற்பாடு செய்தபோது, வைக்கோலையும் ஓர் எருதையும் கழுதையையும் கொண்டுவரச் சொன்னார். ஏழை ஊரில் கிடைத்தது அது. நம் சிறுபிராயத்தில் குடில் என்றால் குளத்து மண், வைக்கோல், பனையோலை. மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டி நட்சத்திரம் கட்டுவோம். பசை காயுமுன் ஆடு வந்து தின்றுவிட்டுப் போவதும் உண்டு. இன்று எல்லாம் பெட்டியோடு வந்து இறங்குகிறது. மின்சாரத்தில் சொருகினால் எரிகிறது. பிள்ளை அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். தான் மண்ணில் பிடித்த, காது விழுந்த ஆட்டுக்குட்டி ஒன்று அங்கே இருந்தால், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் இழுத்து வந்து காட்டுவான். குருத்தோலை ஞாயிறன்று பாருங்கள்: கையில் ஓலை கிடைத்த நிமிடத்தில் பிள்ளைகள் சிலுவையும் கிளியும் காற்றாடியும் மடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பூசை நேரத்தில் மடக்குகிறார்களே என்று உபதேசியாருக்குக் கோபம். நமக்கு அவ்வளவு கோபமில்லை. அந்தச் சிலுவை வீட்டுத் திரு இருதயப் படத்தில் ஓராண்டு செருகியிருந்து, அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாகி நம் நெற்றிக்கே திரும்பி வருகிறது.

ஆனால் மூடிப்பெட்டி முடையத் தெரிந்த கைகள் நம் பங்கில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அறுபது வயதுக்குக் கீழ் ஒருவருமில்லை. பொன்விழாக் கொடி இறங்கும்போது அந்த வித்தை இன்னும் நாலு பேரிடமாவது போய்ச் சேர்ந்திருக்கவேண்டும் என்பது நம் ஆசை. பேரவையும் மறுபடி கூடி இதற்கு ஒத்துக்கொண்டது. அன்று சிரித்தவர்களில் ஒருவரே தம் விளையிலிருந்து குருத்து இறக்கித் தர முன்வந்திருக்கிறார். இறக்குகிறவருக்கும் முடைகிறவருக்கும் உரிய கூலி விழாக் கணக்கிலிருந்து கொடுக்கப்படும். கூலி வேண்டாம், காணிக்கையாகவே செய்கிறேன் என்பவர்களை வற்புறுத்தமாட்டோம்.

வருகிற சனிக்கிழமை மாலை, நவநாள் ஜெபம் முடிந்தவுடன், பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் தொடங்குவோம். மூத்த தாய்மார் பாயில் உட்காரச் சிரமப்படுவதால் பெஞ்சு போடப்படும். பழக விரும்பும் பெண்பிள்ளைகளும், வெட்கப்படாத ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு சிறு கத்தியும் ஈரத்துணியும் கொண்டுவரவேண்டும். முதல் நாளில் பெட்டி கிடையாது; கிலுகிலுப்பைதான். உள்ளே போடக் குன்றிமணி வேண்டாம், அதில் விஷம் உண்டு. புளியங்கொட்டை போதும், வீட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வாருங்கள்.