தொட்டியின் கன அளவும் தண்ணீரின் கன அளவும்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 30. கன அளவுப் பாடம் நடத்தியபோது, '54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

சில நாட்களில் கப்பி மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. 10 லிட்டருக்கு 5 துளி என்று மருந்துப் புட்டியில் போட்டிருந்தது. 54 லிட்டருக்குக் கணக்கிட்டு 27 துளி விட்டேன். மறுநாள் காலை இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. நோயால் செத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு மாணவி, "சார், அடியில் இருக்கும் கல்லையும் தண்ணீராகவே எண்ணிவிட்டோமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மீதி மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டியைக் கழுவினோம். கற்களை மறுபடி பரப்பி, முந்தைய நாளே பிடித்து வைத்திருந்த நீரை லிட்டர் குவளையால் எண்ணி எண்ணி ஊற்றினோம். வழக்கமான மட்டத்துக்கு வர 38 லிட்டர்தான் பிடித்தது.

மீதி 16 லிட்டர் எங்கே போனது? பிள்ளைகளையே தேடச் சொன்னேன். கண்ணாடியின் தடிமன் 5 மி.மீ. ஆகவே உள்ளளவு 59, 29. நீர் நிற்பது 25 செ.மீ. உயரம் வரை. பெருக்கினால் 42.8 லிட்டர். மிச்ச வித்தியாசம் கிட்டத்தட்ட 5 லிட்டர். அந்த இடத்தைக் கற்கள் அடைத்துக்கொண்டிருந்தன. 38 லிட்டருக்கு 19 துளி போதும். நான் 8 துளி கூடுதலாக விட்டிருக்கிறேன். அதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

இப்போது வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறோம். 25 செ.மீ. உயரத்தில் கால் பங்கான 6.25 செ.மீ. இறக்கினால் போதும் என்றான் ஒருவன். கற்களுக்கு மேலே ஒரு செ.மீ. உயரத்துக்கு 1.7 லிட்டர் நீர் நிற்கிறது. 6.25 செ.மீ. இறக்கினால் 10.7 லிட்டர் போய்விடும். நமக்கு வேண்டியது 9.5 லிட்டர்தான். ஆகவே ஐந்தரை செ.மீ. போதும் என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள். கண்ணாடியில் 25-க்கும் 19.5-க்கும் நேராக இரண்டு கோடுகள் போட்டிருக்கிறோம். குழாய் வழியே நீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிடுகிறோம். பிறகு மேல்கோடு வரை நிரப்புகிறோம். வாளி கணக்கு தேவைப்படுவதில்லை.

உங்கள் பள்ளியில் மீன் தொட்டி இல்லையென்றாலும் பரவாயில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கொஞ்சம் ஜல்லி, ஒரு லிட்டர் குவளை இருந்தால் போதும். முதலில் வாய்பாட்டால் கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு ஊற்றி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன என்று அவர்களே பேசட்டும். தேர்வுத்தாளில் 54 சரியான விடைதான். மீனுக்கு மருந்து விடும்போது 38 தான் சரி.