பாயோடு ஒட்டியவர்கள்



மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. அதனை மந்திரமென்று அஞ்சினோரும் உளர். விருந்தோம்பலின் பெருமையென்று போற்றினோரும் உளர். வாவிக்கும் கடலுக்கும் இடையே, எழுவான்கரையில் அமைந்த ஆரையம்பதியில், வந்தவருக்கு முதலில் பாய் விரிப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். வந்த காரியத்தை விசாரிப்பது அதன் பின்னர்தான். புதிதாக ஓர் ஊருக்கு வந்தவனுக்கு அங்கே கிடைக்கும் முதற் படுக்கை, அவ்வூர் அவனை யாராக மதிக்கின்றது என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடும்.

இவ்வுண்மையை நெஞ்சிற் கொண்டு, ஆரையம்பதியைச் சேர்ந்த ஒருவர் கரிபியக் கடலிலுள்ள குவாதலூப் என்னும் தீவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து பாரிஸ் நகரம். அங்கிருந்து அத்திலாந்திக் மாகடலின் மேல் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வான்பயணம். விமானத்தை விட்டு இறங்கியதும் கடிகாரத்தை ஒன்பதரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஆரையம்பதியிற் காலை ஆறு மணியாகும்போது, குவாதலூப்பில் முதல்நாள் இரவு எட்டரை மணி.

தீவு புதிது, ஆயினும் காட்சி புதிதன்று. தென்னையும் மாவும் ஈரப்பலாவும் வழிநெடுக நிற்கின்றன. வரைபடத்திற் பார்த்தால், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்றது அத்தீவு. இரு சிறகுகளையும் பிரிப்பது ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய். பிரெஞ்சு மொழியில் அதற்கு உப்பாறு என்றே பெயர். கரைகளிற் கண்டல் மரங்கள், மேலே பாலங்கள். கல்லடிப் பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குட் போய்ப் பழகியவருக்கு, இது சொந்த ஊரின் மறுபதிப்பாகவே தோன்றும். ஆனால் சட்டம் பிரான்சு நாட்டுச் சட்டம். செலாவணி ஐரோப்பாவின் யூரோ. 1946ஆம் ஆண்டு முதல் அத்தீவு பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்று.

கடற்கரையோர விடுதியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஓர் இளைஞர் நிற்கிறார். சட்டையில் அணிந்த பெயர்த்தகட்டில், பிரெஞ்சு எழுத்துக்களில் ‘ராமசாமி’ என்று பொறித்திருக்கிறது. அத்தீவில் அது அரிய பெயரன்று. பயணிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “தம்பிக்கு எந்த ஊர்?” என்று தமிழிற் கேட்கிறார். இளைஞர் புன்முறுவல் செய்கிறார். பிரெஞ்சு மொழியில் மறுமொழி கூறி அறைச் சாவியை நீட்டுகிறார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அறையில் வெள்ளை விரிப்பிட்ட கட்டில். சாளரத்தின் வழியே கடற்காற்று. இரவு உணவுக்கு ஆட்டிறைச்சிக் கறி வருகிறது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் அதில் மணக்கின்றன. பெயரை வினவினால் ‘கொலொம்போ’ என்கிறார்கள். தம் நாட்டுப் பெருநகரின் பெயரோ என்று பயணி வியக்கிறார். ‘குழம்பு’ என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்று விளக்கம் கூறுவோர் பலர். சந்தையிற் பாகற்காய்க்குப் ‘பரோக்கா’ என்று பெயர். வேப்பிலை ‘வெப்பெலே’ ஆகிவிட்டது. பேசும் மொழி போய்விட்டது. சமைக்கும் மொழி எஞ்சி நிற்கின்றது. இது எவ்வாறு நேர்ந்தது?

இத்தீவில் வந்திறங்கிய முதற் தமிழர் விடுதிக்கு வந்தவரல்லர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கவே, முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வருவித்தனர். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ‘ஓரெலி’ என்னும் பாய்மரக் கப்பல் புவாந்தாபித்ர் துறைமுகத்தை அடைந்தது. அதில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அன்று தொடங்கி 1889ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 42,000 இந்தியர் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவருட் பெருந்தொகையினர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறிய தமிழர்.

மாதக்கணக்கிற் கடலில் அலைந்து வந்தவர்களுக்கு அங்கே எந்தப் பாய் விரிக்கப்பட்டது? முன்னர் அடிமைகள் கிடந்த தோட்டக் குடிசைகளே அவர்களுக்கும் இருப்பிடமாயின. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு, முடிந்தபின் ஊர் திரும்ப உரிமையுண்டு என்பது ஏட்டில் இருந்தது. ஆயினும் நோயினாலும் கடும் உழைப்பினாலும் மாண்டோர் மிகப் பலர், திரும்பியோர் சிறுபான்மையினரே. கொடுமைகள் வெளிப்படவே, 1888ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு ஆட்சேர்ப்பை நிறுத்தியது.

எஞ்சியோரின் பிள்ளைகள் அம்மண்ணிலே பிறந்தனர், அம்மண்ணிலே உழைத்தனர். எனினும் அவர்கள் குடிகளாக மதிக்கப்பட்டாரல்லர். இந்த அநீதியை எதிர்த்து நின்றவர் ஹென்றி சிதம்பரம் என்பவர். 1863ஆம் ஆண்டு அத்தீவிலே பிறந்த அவர், இந்தியரின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை வேண்டி 1904ஆம் ஆண்டில் வழக்காடத் தொடங்கினார். ஓராண்டு ஈராண்டன்று, பத்தொன்பது ஆண்டுகள் அவர் சளைக்கவில்லை. 1923ஆம் ஆண்டில் அவர்களுடைய உரிமை ஏற்கப்பட்டது. பிற்காலத்தில், அவ்வழித்தோன்றல்களுள் ஒருவரான எர்னஸ்ட் முத்துசாமி, 1981ஆம் ஆண்டு முதல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தார்.

மறுநாள் பயணி கப்பெஸ்தேர் என்னும் ஊருக்குச் செல்கிறார். வாழைத் தோட்டங்களின் அருகே, வண்ணச் சிற்பங்களோடு கோயில் ஒன்று நிற்கின்றது. அங்கே மாரியம்மனை ‘மலியெமேன்’ என்று அழைத்து வழிபடுகிறார்கள். பொருள் முழுதும் விளங்காமலே பாட்டனார் வாய்மொழியாகத் தந்த தமிழ்ப் பாடல்களைப் பாடுகிறார்கள். வைகாசி மாதத்தில் கண்ணகியம்மன் குளிர்த்தி கண்டு வளர்ந்த ஆரையம்பதியாருக்கு, அந்தப் பறையொலியின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வீட்டிற் பேசாத மொழி மூன்று தலைமுறையில் மறைந்துபோகும் என்பதற்கு அத்தீவு ஓர் எச்சரிக்கை. மதிக்கப்படாத மக்களும் அயராது நின்றால் தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்வர் என்பதற்கு அதுவே சான்று. இவ்விரண்டையும் ஒருங்கே நினைக்கவேண்டும்.

அன்றிரவு விடுதிக்கு மீளும் பயணி, அந்த இளைஞரிடம் தமிழிற் பேச முற்படவில்லை. கையிலிருந்த தாளில் ‘குழம்பு’ என்று தமிழில் எழுதி, அதன் கீழே ‘கொலொம்போ’ என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் காட்டுகிறார். அடுத்து ‘ராமசாமி’ என்று எழுதுகிறார். தம் பெயரைத் தம் முன்னோரின் எழுத்தில் முதன்முறையாகக் காணும் அவ்விளைஞர், அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

அந்நிய நாட்டு விடுதியொன்றில், உறவுக்கு ஒரு பாய் விரிக்கப்பட்டது. விரித்தவர் விருந்தினர், அமர்ந்தவர் வீட்டுக்காரர்.